கலோரி எண் இடிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைத் தேடும் வழி

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் உடற்பயிற்சி இயந்திரங்களைப் பழுது பார்க்கப் போகும் இடத்திலெல்லாம் என்னிடம் ஒரே கேள்விதான்: "ஏனுங்க, இந்தக் கலோரி எண் சரியானதுதானுங்களா?" மோட்டார் சத்தம் போடுகிறது, பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது என்று கூப்பிட்டவர்கள்கூட, வேலை முடிந்து கையில் காபியைக் கொடுத்துவிட்டு இதைத்தான் கேட்பார்கள். ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. எண் எந்த விதத்தில் இடிக்கிறது என்று தெரிந்தால்தான் பிழை எங்கே இருக்கிறது என்று சொல்லலாம். அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுடையது எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் படித்துவிடுங்கள்.

உடல் எரிக்கும் ஆற்றலை உள்ளபடி அறிய வேண்டுமானால் மூச்சை அளக்க வேண்டும். முகத்தில் மூடியைப் பொருத்தி, எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது, எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது என்று கணக்கிடுவார்கள். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த டக்ளஸ், விடும் மூச்சை ஒரு பையில் பிடித்து அளக்கும் முறையை 1911இல் கொண்டுவந்தார். இன்றைய ஆய்வகக் கருவிகள் சிறியவை, விரைவானவை; தத்துவம் மாறவில்லை. ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறத்தாழ 5 கிலோகலோரி எரிந்திருக்கிறது. பேச்சு வழக்கில் கலோரி என்று நாம் சொல்வது இந்தக் கிலோகலோரியைத்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஜிம்மில் யார் மூச்சை அளக்கிறார்கள்? டிரெட்மில்லுக்குப் பெல்ட்டின் வேகமும் சரிவும் தெரியும். கைக்கடிகாரத்துக்குக் கை ஆடுவதும் மணிக்கட்டில் நாடி துடிப்பதும் தெரியும். வீட்டு சைக்கிளுக்குச் சக்கரம் சுற்றுவது தெரியும். மீதியெல்லாம் சூத்திரம். ஆட்டோ மீட்டருக்கு ஓடிய தூரம் தெரியும். வண்டி எவ்வளவு எரிபொருள் குடித்தது என்று தெரியாது அல்லவா, அந்தக் கதைதான். ஆகவே எந்த எண்ணைப் பார்த்தாலும், இந்தக் கருவி எதை நேரில் அறிகிறது, எதை ஊகிக்கிறது என்று முதலில் கேளுங்கள். பிழை பெரும்பாலும் ஊகிக்கும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

படுக்கையை விட்டு எழவே இல்லை, 385 கலோரி காட்டுகிறது

பழுது ஒன்றுமில்லை. சும்மா படுத்திருந்தாலும் இதயமும் மூளையும் கல்லீரலும் வேலை செய்துகொண்டேதான் இருக்கின்றன. அந்தச் செலவைக் கடிகாரம் நள்ளிரவு 12 மணியிலிருந்தே கூட்டிக்கொண்டு வருகிறது. இதற்குப் பரவலாகப் பயன்படும் சூத்திரம் 1990இல் வெளியான மிஃப்ளின் - செயின்ட் ஜியோர் சூத்திரம். எடையைக் கிலோவில் எடுத்து 10ஆல் பெருக்குங்கள். உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 5 சேர்க்க வேண்டும். பெண் என்றால் 161 கழிக்க வேண்டும். 45 வயது, 70 கிலோ, 170 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 1,542 வரும். மணிக்கு 64. காலை 6 மணிக்கு எழுந்து பார்த்தால் 385.

அமைப்புகளில் "மொத்தக் கலோரி", "செயல்பாட்டுக் கலோரி" என்று இரண்டு இருக்கும். உங்கள் செயலி முகப்பில் எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். நண்பர் 450 என்கிறார், நீங்கள் 2,100 என்கிறீர்கள் என்றால், இருவரும் வெவ்வேறு எண்ணைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றே பொருள். அதை வைத்துப் பந்தயம் கட்டாதீர்கள். இன்னொன்று: இந்தச் சூத்திரங்கள் பெரும்பாலும் மேற்கு நாட்டு மக்களை அளந்து எழுதப்பட்டவை. நம்மவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே காட்டும்.

வீட்டில் இருவர் நடந்தாலும் டிரெட்மில் ஒரே எண்ணைக் காட்டுகிறது

எடையை யாரும் பதியவில்லை. அது பதியப்படாதபோது இயந்திரம் தொழிற்சாலையில் வைத்த ஏதோ ஓர் எடையை, பெரும்பாலும் 70 கிலோ சொச்சத்தை, எடுத்துக்கொள்ளும்.

நடைக்கு உலகமெங்கும் பயன்படும் கணக்கு இது. வேகத்தை நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று மாற்றி 0.1ஆல் பெருக்க வேண்டும். ஏற்றம் இருந்தால் வேகம், சரிவு (10 சதவீதம் என்றால் 0.1), 1.8 ஆகிய மூன்றையும் பெருக்கிச் சேர்க்க வேண்டும். கடைசியில், உடல் சும்மா இருந்தாலும் செலவாகும் 3.5ஐக் கூட்ட வேண்டும். கிடைப்பது, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நிமிடத்தில் செலவாகும் ஆக்சிஜன், மில்லிலிட்டரில். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் நடந்தால் 11.8 மி.லி. அரைமணி நேரத்துக்கு 52 கிலோ மனைவிக்கு 92 கலோரி ஆகிறது. 84 கிலோ கணவருக்கு 149. எடை பதியாத இயந்திரம் இருவருக்கும் 124 என்று நடுவில் நிற்கும். அவர் பாடுபட்டது குறைந்தது, அம்மிணி பாடுபட்டது கூடியது.

பதியும்போது அலகையும் பாருங்கள். இயந்திரம் பவுண்டில் கேட்க, நீங்கள் 70 என்று அழுத்திவிட்டால் உங்களை 32 கிலோ குழந்தை என்று நினைத்துக்கொள்ளும். 70 கிலோ என்பது 154 பவுண்டு.

டிரெட்மில் 280 என்கிறது, கடிகாரம் 170 என்கிறது

இங்கே முதலில் உங்கள் கைகளைப் பார்ப்பேன். சரிவை 10 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டு, முன்னால் உள்ள கம்பியை இறுகப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்துத் தொங்கியபடி நடப்பவர்கள் எல்லா ஜிம்மிலும் உண்டு. சூத்திரப்படி 5 கிலோமீட்டர் வேகத்தில் 10 சதவீத ஏற்றம் என்றால் 26.8 மி.லி. ஆக்சிஜன், சமதளத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 70 கிலோ ஆளுக்கு அரைமணியில் 280 கலோரி. ஆனால் அந்தக் கணக்கு, தன் எடையைத் தன் கால்களாலேயே மேலே தூக்கிக்கொண்டு போகிறவருக்கு. கம்பி தாங்கினால் கால்களுக்கு வேலை குறைகிறது. இயந்திரத்துக்கு அது தெரிய வழியே இல்லை. பெல்ட்டும் சரிவும் சொன்னதை அப்படியே எழுதுகிறது.

கடிகாரமும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. கை கம்பியில் இருப்பதால் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாததால் அடிகள் விட்டுப்போகின்றன. ஒன்று கூட்டிச் சொல்கிறது, மற்றது குறைத்துச் சொல்கிறது. கம்பியை விட்டுவிட்டு, விழாமல் நடக்கக்கூடிய சரிவுக்கு இறக்கி, பத்து நிமிடம் கையை வீசி நடந்து பாருங்கள். இடைவெளி சுருங்கும். மீதமிருக்கும் வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் டிரெட்மில் ஓய்வுச் செலவையும் சேர்த்துக் காட்டுவதுதான். 70 கிலோ ஆளுக்கு அரைமணியில் அது 37 கலோரி. முதியவர்கள் பிடித்துக்கொண்டே நடக்கட்டும், தவறில்லை. எண் ஊதிப்போயிருக்கிறது என்று மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

இரண்டில் எதை நம்புவது என்று கேட்டால், எடை சரியாகப் பதிந்து, கையை விட்டு, சமதளத்தில் நடந்தால் நான் டிரெட்மில் பக்கம்தான்.

சைக்கிளில் இறுக்கி மிதித்தாலும் தளர்த்தி மிதித்தாலும் ஒரே கலோரி

துணி காயப்போடும் கொடியாக மாறிவிட்ட வீட்டு உடற்பயிற்சி சைக்கிளைப் பற்றித்தான் பேசுகிறேன். இதன் உள்ளே ஒருமுறை பார்த்தவர்களுக்குப் பிறகு சந்தேகமே வராது. பக்கவாட்டு மூடியின் திருகுகளைக் கழற்றினால், மிதிகட்டையோடு சுற்றும் பெரிய பிளாஸ்டிக் சக்கரத்தில் ஒரு சிறு காந்தம் ஒட்டியிருக்கும். அதற்கு எதிரே சட்டத்தில் விரல்நுனி அளவில் ஒரு சுவிட்ச். கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடுகள். காந்தம் எதிரே வரும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கடந்து போனதும் விலகும். அங்கிருந்து இரண்டு இழைக் கம்பி ஒன்று கைப்பிடித் தண்டுக்குள் ஏறித் திரையில் செருகப்பட்டிருக்கும். ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு. திரைக்குக் கிடைக்கும் செய்தி அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் திருகி இறுக்கும் குமிழைப் பாருங்கள். அதன் அடியில் ஒரு எஃகுக் கேபிள் போகும். அது ஓடும் இரும்புச் சக்கரத்தை நோக்கிக் காந்தங்களை நகர்த்தும், அல்லது ஒரு பட்டையை இறுக்கும். அந்தக் குமிழிலிருந்து திரைக்கு ஒரு கம்பிகூடப் போகாது. அப்படியிருக்க, நீங்கள் மூச்சுத் திணற மிதிப்பது அதற்கு எப்படித் தெரியும்? சுற்றுகளை ஏதோ ஒரு மாறிலியால் பெருக்கிக் கலோரி என்று எழுதுகிறது.

மூடியைக் கழற்ற வேண்டாம் என்பவர்கள் வெளியிலிருந்தே சோதிக்கலாம். முழுவதும் தளர்த்தி, ஒரே சீரான வேகத்தில் ஐந்து நிமிடம். முழுவதும் இறுக்கி, அதே வேகத்தில் ஐந்து நிமிடம். எண் மாறவில்லை என்றால் உங்களிடம் இருப்பது சுற்றெண்ணி. கலோரி கட்டத்தை மறந்துவிட்டு நேரத்தை மட்டும் பாருங்கள்.

வாட் காட்டும் சைக்கிள் வேறு ஜாதி. மிதிப்பதில் செலுத்தும் விசையையும் சேர்த்து அளக்கும் சைக்கிள்களில் கலோரிக் கணக்கு நேர்மையானது. 100 வாட்டில் ஒரு மணி நேரம் மிதித்தால் சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்த வேலை 360 கிலோஜூல். ஒரு கலோரி 4.184 கிலோஜூல் என்பதால் இது 86 கலோரிதான். ஆனால் உடல் எரிப்பதில் 20 முதல் 25 சதவீதம் மட்டுமே மிதிகட்டைக்குப் போகிறது. மிச்சம் சூடாக வெளியேறுகிறது. ஆக, உடல் எரித்தது 340இலிருந்து 430 வரை. அதாவது கிலோஜூல் எண்ணையே கலோரி எண்ணாகப் படித்துக்கொள்ளலாம். பெரிய தவறு வராது. ஜிம்மில் உள்ளவற்றில் எந்தக் கலோரி எண்ணை நம்பலாம் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

துடுப்பு இயந்திரமும் வாட்டை அளக்கக்கூடியதுதான். ஆனால் கான்செப்ட்2 என்ற நிறுவனத்தின் துடுப்பு இயந்திரத்தில் ஆள் யாராக இருந்தாலும் மணிக்கு 300 கலோரியை அடியில் போட்டுவிட்டு, அதன் மேல்தான் உழைப்பின் கணக்கைச் சேர்க்கிறார்கள். அது 175 பவுண்டு, அதாவது 79 கிலோ ஆளை மனத்தில் வைத்துப் போட்டது. 50 கிலோ பெண்ணுக்கு அந்த 300 கூடுதல்.

உட்கார்ந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் அடிகள் ஏறுகின்றன

பவானியில் ஜமுக்காளம் நெய்பவர் கையில் கடிகாரத்தைக் கட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். குழித்தறியில் கால்கள் மிதியை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. கை பலகையை இழுத்து அடிக்கிறது, விடுகிறது, மறுபடி இழுக்கிறது. சீரான தாளம். கடிகாரத்துக்குள் இருக்கும் முடுக்கமானிக்கு, கையை வீசி நடப்பவரின் தாளத்துக்கும் இதற்கும் அதிக வேறுபாடு தெரியாது. அவர் அமர்ந்த இடத்தை விட்டு அசையாமலேயே கோயிலுக்கு நடந்து போய் வந்த கணக்கு ஏறிவிடும். நெசவு உழைப்பில்லை என்று சொல்லவில்லை; அது நடையில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு செயலுக்கும் எவ்வளவு ஆற்றல் ஆகும் என்ற பட்டியல் ஒன்று 1993இல் வெளியாகி, பலமுறை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. ஓய்வில் இருப்பது 1 மெட், அதாவது ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறத்தாழ 1 கலோரி. மற்றவை அதன் மடங்குகள். உங்கள் கடிகாரத்தின் பயிற்சிப் பட்டியலில் நெசவு இருக்காது. தெரியாததை எல்லாம் நடை என்றுதான் வைத்துக்கொள்ளும்.

குண்டும் குழியுமான சாலையில் வண்டி ஓட்டுவதும், டிராக்டரில் உட்கார்ந்து உழுவதும் இதே கதைதான். நேர்மாறும் உண்டு. தலையில் புல்லுக்கட்டை வைத்து இரு கையாலும் பிடித்துக்கொண்டு காட்டிலிருந்து வருபவருக்கும், தள்ளுவண்டி தள்ளுபவருக்கும் கை அசையாது. உண்மையான உழைப்பு காணாமல் போகும்.

தீர்வு எளிது. வேலை செய்யும்போது அதிகம் அசையாத கைக்கு மாற்றுங்கள். அமைப்பில் எந்தக் கை என்பதையும் மாற்றுங்கள். வண்டி ஓட்டும் நேரத்து அடிகளைச் செயலியிலேயே நீக்க முடிந்தால் நீக்குங்கள். நாள் முழுக்கத் தறியில் இருப்பவருக்கு அடிக்கணக்கு எந்தக் காலத்திலும் ஒத்துவராது.

சென்னிமலை ஏறி இறங்கினேன், மாடிக் கணக்கு பூஜ்ஜியம்

மாடி எண்ணுவதற்குக் கடிகாரத்தில் காற்றழுத்தமானி வேண்டும். விலை குறைந்தவற்றில் அது இருக்காது. வாங்கிய பெட்டியின் மேல் பாருங்கள். ஏறத்தாழ எட்டரை மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறையும். அந்தச் சிறு மாற்றத்தை உணர்ந்துதான் மூன்று மீட்டருக்கு ஒரு மாடி என்று எண்ணுகிறது. அழுத்தமானி இருந்தும் எண்ணவில்லை என்றால், கடிகாரத்தின் பக்கவாட்டில் ஊசி முனை அளவில் ஒரு துளை இருக்கும். வியர்வை உப்பும் திருநீறும் சேர்ந்து அதை அடைத்திருக்கலாம். நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். ஊசியை விட்டுக் குத்த வேண்டாம். ரப்பர் உறை போட்டிருந்தால் கழற்றிப் பாருங்கள்.

எண்ணியும் கலோரி குறைவாகத்தான் காட்டுகிறது என்பவர்களுக்கு ஒரு கணக்கு. சென்னிமலைக்கு 1,320 படிகள். ஒரு படி 15 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால் 198 மீட்டர். 70 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க 136 கிலோஜூல் ஆகும். உடலின் திறன் 25 சதவீதம் என்றால் எரிவது 130 கலோரி. மூச்சு வாங்கிய வேகத்துக்கு ஆயிரம் எரிந்திருக்கும் என்று நினைத்து வந்தவருக்கு இது ஏமாற்றம்தான். என்ன செய்வது, புவியீர்ப்பு யாருக்கும் சலுகை தருவதில்லை. முருகனுக்காக ஏறுங்கள், கலோரி அதுபாட்டுக்கு எரியட்டும்.

சித்திரை வெயிலில் அதே நடைக்கு அதிகக் கலோரி காட்டுகிறது

ஈரோடும் கரூரும் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் இது எல்லோருக்கும் நடக்கும். உடலைக் குளிர்விக்க இதயம் தோலுக்குக் கூடுதல் இரத்தம் அனுப்புகிறது. வியர்வையில் நீர் போவதால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம் குறைகிறது. ஈடுகட்டத் துடிப்பு கூடுகிறது. தசைகள் கேட்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ அதேதான். ஆனால் நாடியை வைத்துக் கணக்குப் போடும் கடிகாரம், துடிப்பு கூடினால் உழைப்பு கூடியது என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சூத்திரத்தைப் பாருங்கள். 2005இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டது; நாடி, எடை, வயது, பாலினம் ஆகியவற்றிலிருந்து ஆற்றலைக் கணிப்பது; உடற்பயிற்சி செய்பவர்களை அளந்து எழுதியது. 45 வயது, 70 கிலோ ஆணின் நாடி 100 என்று அதில் போட்டால் நிமிடத்துக்கு 7.4 கலோரி வரும், மணிக்கு 444. நடையில் நாடி 100 ஆனால் அது ஓரளவு பொருந்தலாம். கடைசி ஓவரில் பத்து ரன் வேண்டும் என்ற நிலையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பவருக்கும் நாடி 100 போகும்! அவர் உண்மையில் எரிப்பது மணிக்கு நூறைக்கூடத் தொடாது. அதனால்தான் நல்ல கடிகாரங்கள் சாதாரண நேரத்தில் நாடியை மட்டும் நம்பாமல் அசைவையும் சேர்த்துப் பார்க்கின்றன. பயிற்சியைத் தொடங்கு என்று அழுத்திவிட்டால் அந்தக் காவல் தளர்ந்துவிடும். நடை முடிந்ததும் பயிற்சியை நிறுத்தினீர்களா என்று பாருங்கள். கலோரி ஊதிப்போவதற்கு நான் பார்க்கும் மிகச் சாதாரணமான காரணம் நிறுத்த மறப்பதுதான். கடுங்காபியும், தூக்கமில்லாத இரவும், காய்ச்சலும்கூட நாடியை ஏற்றும்.

ஆடிக் காற்றில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று தள்ளும் மாதங்களில் கோவையிலிருந்து வாளையாரை நோக்கி மிதித்தால், வண்டி நகராது. காற்று தடுக்கும் விசை, உங்கள் மேல் காற்று மோதும் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகத்தை மட்டும் பார்க்கும் செயலி, "மெதுவாகப் போகிறார்" என்று குறைந்த கலோரி எழுதும். திரும்பி வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். அதே செயலி உங்களை வீரர் என்று புகழும். வெயிலில் நாடி பொய் சொல்கிறது, காற்றில் வேகம் பொய் சொல்கிறது. சைக்கிள் ஓட்டும்போது செயலியோடு நாடி அளவையும் இணைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் அதே நாடியைப் பாதிதான் நம்புங்கள்.

நாடி 170 என்கிறது, எனக்கோ மூச்சே வாங்கவில்லை

கழுத்தில் விரலை வைத்து 15 விநாடி எண்ணி 4ஆல் பெருக்குங்கள். 110 வந்தால், கடிகாரம் உங்கள் அடிகளை நாடி என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. மணிக்கட்டுக்குள் பச்சை ஒளியை அனுப்பி, ஒவ்வொரு துடிப்புக்கும் இரத்தம் பெருகும்போது திரும்பிவரும் ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. வார் தளர்வாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் கடிகாரம் குதிக்கிறது. ஓட்டத்தில் நிமிடத்துக்கு 160, 170 அடிகள் சாதாரணம். அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி, தோலோடு ஒட்டும்படி கட்டுங்கள்.

முன்கையில் பச்சை குத்தியிருக்கும் ஆத்தாமார்களுக்கு ஒளி சரியாக உள்ளே போகாது. மறு கைக்கு மாற்றிக் கட்டிவிடுங்கள். எடை தூக்கும்போது பிடியின் இறுக்கத்தால் நாடி தவறுவதும் உண்டு. அந்த நேரத்து எண்ணைக் கண்டுகொள்ள வேண்டாம். இதற்கெல்லாம் மேலாகத் துல்லியம் வேண்டும் என்பவர்களுக்கு மார்பில் கட்டும் பட்டை இருக்கிறது. அது ஒளியை விட்டுவிட்டு இதயத்தின் மின் துடிப்பையே பிடிக்கும்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். எவ்வளவு நடந்தாலும் எண் ஏறவில்லை

அட்டினோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் நாடியைக் கீழேயே பிடித்து வைக்கும். அதுதான் அவற்றின் வேலை. 220இலிருந்து வயதைக் கழித்து உச்ச நாடியைக் கணிக்கும் கடிகாரம், உங்களை எப்போதும் சோம்பேறி என்றே நினைக்கும். கடிகாரம் சொல்கிறதே என்று வேகத்தைக் கூட்டாதீர்கள். மாத்திரையில் கைவைக்கவும் வேண்டாம். நாடியைச் சாராத டிரெட்மில் எண் உங்களுக்கு மேல். அதைவிட எளியது பேச்சுச் சோதனை: நடந்துகொண்டே பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான வேகத்தில் இருக்கிறீர்கள்.

திடீரென்று இரண்டு மடங்கு, நான்கு மடங்கு

இரண்டு மடங்கு என்றால் ஒரே நடையை இரண்டு செயலிகள் தனித்தனியே பதிந்து, மூன்றாவது ஒன்று இரண்டையும் கூட்டிவிட்டது. ஒன்றின் அனுமதியை நீக்குங்கள். நான்கு மடங்கு என்றால் அலகு கிலோஜூலுக்கு மாறியிருக்கிறது; 4.184ஆல் வகுத்துப் பாருங்கள், பழைய எண் வரும்.

தோட்டத்துக் கிணற்றில் நீந்தினால் கணக்கே வரவில்லை

குளத்தின் நீளத்தைச் சொன்னால்தான் கடிகாரம் சுற்று எண்ணும். கிணற்றில் நாலு வீச்சுக்குள் சுவர் வந்துவிடும், ஆழத்தில் ஜி.பி.எஸ். கிடைக்காது, தண்ணீருக்குள் ஒளி நாடியும் தடுமாறும். அப்புச்சி சொல்லிக்கொடுத்தபடி குதித்து நீந்துங்கள். கடிகாரத்தை மேட்டில் கழற்றி வைத்துவிடுங்கள்.

தினமும் 500 எரிந்ததாகச் சொல்கிறது, எடை இறங்கவில்லை

2017இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு வகைக் கைப்பட்டைகளை 60 பேரிடம் கட்டி, மூச்சு அளவோடு ஒப்பிட்டார்கள். நாடியை ஏழில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் பிடித்தன. கலோரியிலோ, மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மோசமானது 93 சதவீதம். கருவிகள் அதன் பிறகு மாறியிருக்கின்றன. நாடியிலிருந்து கலோரிக்குத் தாண்டும் இடத்தில் ஊகம் ஊகமாகவே இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், அந்த எண்ணை நம்பித் தட்டில் பரிமாறிக்கொள்கிறோம். 70 கிலோ ஆள் அரைமணி நடந்தால் டிரெட்மில் 124 என்று காட்டும்; ஓய்வுச் செலவைக் கழித்தால் நடையால் மட்டும் எரிந்தது 87. வீட்டுக்கு வந்து ஒரு கைப்பிடி நிலக்கடலை, 30 கிராம், வாயில் போட்டால் 170. அரிசி பருப்புச் சாதத்தில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடுதலாக விழுந்தால் 120. நடந்த களைப்பில் மாலை முழுக்க நாற்காலியில் சாய்ந்தால் அதற்கும் ஒரு கழிவு உண்டு. எரிந்த கலோரியை உணவுச் செயலி தானாகவே உங்கள் ஒதுக்கீட்டில் சேர்த்துக்கொள்ளும் வசதி இருந்தால் அதை முதலில் அணையுங்கள். சென்ற வாரத்தைவிட இந்த வாரம் கூடியதா குறைந்ததா என்று அதே கருவியோடு அதே கருவியை ஒப்பிடுங்கள். அதற்கு அது நன்றாகவே உதவும். சாப்பாட்டுக் கணக்கை இடுப்பளவும் எடைத்தட்டும் சொல்லட்டும்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இந்த இயந்திரத்தில் மட்டும் 6 கிலோமீட்டர் வேகம் 5 மாதிரி இருக்கிறது

கடைசியாகத்தான் இயந்திரத்தைச் சந்தேகிக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பெல்ட்டின் ஓரத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். கையால் பெல்ட்டை நகர்த்திக்கொண்டே நாடாவால் அதன் முழு நீளத்தை அளந்துகொள்ளுங்கள். 2.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 6 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 100 மீட்டர். ஆக, கோடு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 36 முறை கண்ணில் பட வேண்டும். முதலில் ஆளில்லாமல் ஓடவிட்டு எண்ணுங்கள். பிறகு ஒருவரை நடக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று எண்ணுங்கள்.

ஆளில்லாமல் 36, ஆள் ஏறியதும் 31 என்றால் பெல்ட் வழுக்குகிறது, அல்லது எண்ணெய் வற்றி உராய்வில் மோட்டார் திணறுகிறது. பெல்ட்டுக்கு அடியில் சிலிக்கான் எண்ணெய் விட்டு மறுபடி எண்ணுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டவர்களின் இயந்திரத்தையும் பார்த்திருக்கிறேன். பெல்ட்டையே மாற்ற வேண்டியிருந்தது. அதற்கும் சரியாகவில்லை என்றால் பின்னால் உள்ள இரண்டு போல்ட்டுகளையும் சமமாகக் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். அளவுக்கு மீறினால் உருளையின் பேரிங் போய்விடும். ஆளில்லாமலேயே 36 வரவில்லை என்றால் வேக சென்சார் நகர்ந்திருக்கிறது, அல்லது கட்டுப்பாட்டு மின்பலகையில் உருளை அளவு தவறாகப் பதிவாகியிருக்கிறது. அதை வீட்டில் நோண்ட வேண்டாம். சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். ஆளில்லாமல் எத்தனை, ஆளோடு எத்தனை என்ற இரண்டு எண்களையும் போனிலேயே சொல்லிவிட்டால், எந்தப் பாகத்தை எடுத்துவருவது என்று அவருக்குப் புறப்படும்போதே தெரிந்துவிடும்.